அல்பினிசம்: தோலைப் பார்க்கிறோம், கண்ணை மறந்துவிடுகிறோம்

பஸ் நிறுத்தத்தில் நிற்கிறீர்கள். பக்கத்தில் உங்கள் வயதை ஒத்த ஒருவர். வெளிர் மஞ்சள் முடி, இளஞ்சிவப்பு கலந்த வெள்ளைத் தோல், தொப்பி, கறுப்புக் கண்ணாடி. யாரோ சுற்றுப்பயணி என்று நினைத்துக்கொள்கிறீர்கள். அவருடைய கைத்தொலைபேசி ஒலிக்கிறது. "ஆங், சொல்லும்மா... இன்னும் பஸ் வரல" என்கிறார்.

அட, தமிழர்!

கொஞ்ச நேரத்தில் பஸ் வருகிறது. 66ஆ, 67ஆ? உங்களுக்குத் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. அவர் கை காட்டவில்லை. பஸ் கிட்டத்தட்டத் தாண்டிப் போகும்போதுதான் எண்ணைப் படித்து, அவசரமாகக் கையை உயர்த்துகிறார். பஸ் நிற்காமல் போய்விடுகிறது.

இந்தக் காட்சியில் உங்கள் கவனத்தை இழுத்தது அவருடைய நிறம். அவருக்கு அன்று சிரமம் கொடுத்ததோ பஸ் எண். அல்பினிசத்தைப் பற்றி நாம் பேசும்போது பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறோம். ஆனால் அல்பினிசத்துடன் வாழ்பவர் அன்றாடம் சமாளிக்க வேண்டியவை மூன்று: பார்வை, வெயில், மற்றவர்களின் கண்கள். மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமாகச் சொன்னால்:

• அல்பினிசம் பிறவியிலேயே வருவது. தொற்றாது.
• அது நோயோ சாபமோ இல்லை. மரபணுவில் உள்ள ஒரு மாற்றம்.
• அல்பினிசம் உள்ள அனைவருக்கும் ஏதோ ஓர் அளவில் பார்வைக் குறைபாடு இருக்கும். மூக்குக் கண்ணாடி போட்டாலும் முழுதாகச் சரியாகாது.
• தோலை வெயிலிலிருந்து காத்துக்கொண்டால், பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே முழு ஆயுளும் வாழலாம்.

அல்பினிசம் என்றால் என்ன?

நம் தோல், முடி, கண் ஆகியவற்றுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்ற நிறமி. உடலில் உள்ள சில சிறப்பு அணுக்கள் அதைத் தயாரிக்கின்றன. தயாரிப்புக்குத் தேவையான செய்முறைக் குறிப்பு நம் மரபணுக்களில் இருக்கிறது. அந்தக் குறிப்பில் ஏதாவது ஓர் இடத்தில் மாற்றம் ஏற்பட்டால், மெலனின் குறைவாக உருவாகும். அல்லது உருவாகவே உருவாகாது. அதுதான் அல்பினிசம். லத்தீன் மொழியில் 'அல்பஸ்' என்றால் வெள்ளை. பெயர் வந்தது அதிலிருந்து.

'மெலனின் இருக்கிறது', 'இல்லை' என்று இரண்டே வகையாகப் பிரித்துவிட முடியாது. சிலருக்கு முடி பால்போல வெள்ளை. சிலருக்கு வைக்கோல் நிறம். சிலருக்கு வெளிர் பழுப்பு. வயது ஏற ஏற இன்னும் கொஞ்சம் கருமையாகும். தோல், முடி, கண் மூன்றையும் பாதிக்கும் வகைகள் பல உண்டு. அவற்றுக்குக் காரணமாகக் குறைந்தது 7 மரபணுக்களை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். கண்ணை மட்டும் பாதிக்கும் வகையும் இருக்கிறது. அது பெரும்பாலும் ஆண்களிடம் காணப்படும். அவர்களுடைய தோலைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆக, உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது அல்பினிசம் இருந்தும் அது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

மெலனின் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டுமா? சயாமியப் பூனையைப் பாருங்கள். உடல் வெளிர் நிறம். காது, மூக்கு, வால், பாதம் மட்டும் கருமை. மெலனின் தயாரிப்பில் உதவும் என்சைம் அந்தப் பூனைக்குச் சூடான இடத்தில் சரியாக வேலை செய்யாது. உடலின் நடுப்பகுதி சூடு. அதனால் அங்கே நிறம் குறைவு. காதும் வாலும் குளிர்ச்சி; அதனால் அங்கே நிறம் வருகிறது. அதுவும் அல்பினிசத்தின் ஒரு வடிவம்தான்.

வெள்ளைப் புலிக்கு அல்பினிசம் இருக்கிறதா? இல்லை. கோடுகள் கறுப்பாக இருக்கின்றன, கவனித்தீர்களா? கறுப்புக் கோட்டுக்கு மெலனின் வேண்டுமே!

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். தோலில் ஆங்காங்கே வெள்ளைத் திட்டுகள் வருவது வெண்புள்ளி. அது வேறு. முதலில் இருந்த நிறம் பிற்பாடு மறைவது அது. அல்பினிசம் பிறக்கும்போதே இருப்பது. வெண்புள்ளியைச் சிலர் இன்னமும் 'வெண்குஷ்டம்' என்கிறார்கள். அதற்கும் தொழுநோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தச் சொல்லைக் கைவிடுவதே நல்லது.

சரி, அப்போ கண்கள் சிவப்பா?

திரைப்படங்களில் வெள்ளை முடி, சிவப்புக் கண்ணுடன் வில்லன் வருவார். நிஜத்தில் அல்பினிசம் உள்ளவர்களின் கண்கள் பெரும்பாலும் நீலம், சாம்பல், பச்சை கலந்த பழுப்பு அல்லது பழுப்பு நிறத்தில் இருக்கும். கண்ணில் நிறமி மிகக் குறைவாக இருந்தால், சில வெளிச்சங்களில் உள்ளே இருக்கும் ரத்தக் குழாய்களின் நிறம் தெரியும். அதனால் கண் சிவந்தாற்போலத் தோன்றும். அவ்வளவுதான் விஷயம்.

எத்தனை பேருக்கு இருக்கிறது?

உலக அளவில் சுமார் 17,000 முதல் 20,000 பேரில் ஒருவருக்கு அல்பினிசம் இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. எல்லா இனத்திலும் உண்டு. இடத்துக்கு இடம் விகிதம் மாறும். தான்சானியாவில் சுமார் 1,400 பேரில் ஒருவருக்கு இருப்பதாக மதிப்பிடப்பட்டிருக்கிறது.

அரிதான ஒன்று என்று நினைக்கிறீர்களா? இன்னொரு கணக்கைப் பாருங்கள். அல்பினிசத்துக்கான மரபணு மாற்றத்தை, தனக்கே தெரியாமல் சுமப்பவர்கள் சுமார் 70 பேரில் ஒருவர். காலை நேர எம்ஆர்டி ரயிலில் ஒரே பெட்டியில் அதைவிட அதிகமானோர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் பெட்டியில் யாராவது ஒருவரிடம் அந்த மாற்றம் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அது நீங்களாகக்கூட இருக்கலாம்.

பெற்றோர் இருவரும் மாநிறம். குழந்தைக்கு எப்படி?

ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதிகளாக வருகிறது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதியில் மாற்றம் இருந்தாலும், மற்றது சரியாக இருந்தால் போதும். மெலனின் வழக்கம்போல உருவாகும். அப்படிப்பட்டவர் 'சுமப்பவர்'. அவருக்கு எந்த அறிகுறியும் இருக்காது.

அம்மாவும் அப்பாவும் ஒரே மரபணுவில் இந்த மாற்றத்தைச் சுமப்பவர்களாக அமைந்துவிட்டால்?

• அல்பினிசத்துடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 4இல் 1.
• அறிகுறி இல்லாமல், மாற்றத்தைச் சுமக்கும் குழந்தையாகப் பிறக்கும் வாய்ப்பு 4இல் 2.
• மாற்றமே இல்லாத குழந்தையாகப் பிறக்கும் வாய்ப்பு 4இல் 1.

ஒவ்வொரு கருத்தரிப்புக்கும் இந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும். முதல் குழந்தைக்கு அல்பினிசம் இருந்தால் அடுத்த மூவருக்கு வராது என்று அர்த்தமில்லை. கண்ணை மட்டும் பாதிக்கும் வகை மட்டும் வேறு வழியில், பெரும்பாலும் அம்மாவிடமிருந்து மகனுக்கு வருகிறது.

நம் சமூகத்தில் சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் வழக்கம் பல தலைமுறைகளாக இருந்திருக்கிறது. தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று. உறவினர்கள் ஒரே மூதாதையரிடமிருந்து ஒரே மரபணு மாற்றத்தைப் பெற்றிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் இத்தகைய திருமணங்களில் அல்பினிசம் போன்றவை தென்படும் வாய்ப்பும் கூடுகிறது. அதே நேரம், சொந்தத்தில் மணந்த பெரும்பாலோரின் குழந்தைகளுக்கு அல்பினிசம் இருப்பதில்லை. எந்த உறவும் இல்லாத இருவரின் குழந்தைக்கும் அது இருக்கலாம். குடும்பத்தில் யாருக்காவது இருந்து, உங்களுக்குக் கேள்விகள் இருந்தால், மரபணு ஆலோசனை கேட்கலாம். மருத்துவமனைகளில் அந்தச் சேவை உண்டு.

"கிரகணத்தப்போ வெளியே போனாளா?"

குழந்தை வெள்ளையாகப் பிறந்ததும் சில குடும்பங்களில் முதல் கேள்வி அம்மாவை நோக்கித்தான் பாயும். கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தைப் பார்த்தாளா? எதைச் சாப்பிட்டாள்? எதைப் பார்த்துப் பயந்தாள்? இன்னும் மோசமாக, அவள் நடத்தையையே சந்தேகிப்பவர்களும் உண்டு.

இந்தப் பழக்கம் மிகப் பழையது. மகாபாரதத்தில் பாண்டுவின் கதை நினைவிருக்கிறதா? வியாசரைப் பார்த்த பயத்தில் அம்பாலிகை வெளிறிப்போனாள். அதனால்தான் பாண்டு வெளிறிய நிறத்தோடு பிறந்தார் என்கிறது கதை. ஒரு காவியப் பாத்திரத்துக்கு நாம் மருத்துவப் பரிசோதனை செய்ய முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குழந்தையின் நிறத்துக்கு அங்கேயும் காரணம் சொல்லப்படுவது அம்மாவின் செயல்தான்.

அறிவியல் சொல்வது வேறு. தோல், முடி, கண் மூன்றையும் பாதிக்கும் அல்பினிசத்துக்கு இரு பெற்றோரின் பங்கும் சரிபாதி. இருவருக்கும் அது தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. கிரகணம், குங்குமப்பூப் பால், கண் திருஷ்டி எதற்கும் இதில் இடமில்லை. உங்கள் உறவினர் வீட்டில் இப்படி ஒரு பேச்சு எழுந்தால், "ஆன்ட்டி, அது ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வர்றது" என்று ஒரு வரி சொல்லுங்கள். அந்த அம்மாவுக்கு அது பெரிய உதவி.

கண்ணுக்கு உள்ளே என்ன நடக்கிறது?

இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

மெலனினின் வேலை நிறம் கொடுப்பதோடு முடிவதில்லை. தாயின் வயிற்றில் கண் உருவாகும்போது, அது சரியாக வளர்வதற்கும் மெலனின் தயாரிப்பு தேவை. அது குறைந்தால் பல மாற்றங்கள் ஏற்படுகின்றன.

முதலாவது, விழித்திரையின் மையம். நீங்கள் இந்த வரியைப் படிப்பது விழித்திரையின் நடுவில் உள்ள ஒரு சிறு குழியின் உதவியால். நுணுக்கமான பார்வை அங்கேதான். அல்பினிசம் உள்ளவர்களுக்கு அந்தக் குழி முழுதாக வளர்வதில்லை. மூக்குக் கண்ணாடி என்ன செய்யும்? பிம்பத்தை விழித்திரையில் சரியாக விழ வைக்கும். விழித்திரையே வேறு மாதிரி அமைந்திருந்தால், கண்ணாடியால் ஓரளவுதான் உதவ முடியும். கேமராவில் லென்ஸை மாற்றலாம். உள்ளே இருக்கும் சென்சாரை மாற்ற முடியாது அல்லவா? அதுபோல.

இரண்டாவது, நரம்புப் பாதை. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் கிளம்பும் நரம்பு இழைகளில் ஏறக்குறையப் பாதி மூளையின் மறுபக்கத்துக்குக் கடந்து செல்லும். மீதி அதே பக்கத்துக்குச் செல்லும். இரு கண்களின் காட்சிகளையும் சேர்த்து, எது அருகில், எது தொலைவில் என்று மூளை கணக்கிடுவது இப்படித்தான். அல்பினிசத்தில் மறுபக்கம் கடக்கும் இழைகள் அதிகம். அதனால் ஆழத்தைக் கணிப்பது சிரமம். படிக்கட்டின் கடைசிப் படி, வேகமாக வரும் பூப்பந்து, கோப்பையில் ஊற்றும் தேநீர் எல்லாமே கூடுதல் கவனம் கேட்கும்.

மூன்றாவது, விழியசைவு. கண்கள் தன்னிச்சையாக இங்கும் அங்கும் ஆடும். பிறந்த சில மாதங்களிலேயே இது தொடங்குவதால், குழந்தைக்கு அல்பினிசம் இருப்பதை மருத்துவர்கள் கண்டறிய உதவும் அறிகுறிகளில் இதுவும் ஒன்று. சோர்வு, பதற்றம் இருந்தால் ஆட்டம் கூடும். பலருக்குத் தலையை ஒரு பக்கம் சாய்த்தால் ஆட்டம் குறைந்து, காட்சி தெளிவாகும். ஆகவே, யாராவது தலையைச் சாய்த்து உங்களைப் பார்த்தால், "ஏன் ஒரு மாதிரியா பாக்குறாரு?" என்று நினைக்காதீர்கள். உங்களை நன்றாகப் பார்க்கத்தான் அவர் அப்படிச் செய்கிறார்.

நான்காவது, கூச்சம். கண்மணியைச் சுற்றியுள்ள வண்ண வளையம் ஜன்னல் திரை மாதிரி. அதில் நிறமி குறைந்தால் திரை மெலிந்துவிடும். வெளிச்சம் உள்ளே கொட்டும். நண்பகல் வெயில், கண்ணாடிக் கட்டடத்தின் பிரதிபலிப்பு, கேமரா ஃபிளாஷ் எல்லாம் வலியையே தரலாம். கட்டடத்துக்குள் ஏன் கறுப்புக் கண்ணாடி என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

6/60 என்றால் என்ன தெரியுமா? வழக்கமான பார்வை உள்ளவர் 60 மீட்டர் தூரத்தில் படிப்பதை, இவர் 6 மீட்டருக்கு வந்துதான் படிக்க முடியும். அல்பினிசம் உள்ளவர்களின் பார்வை ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்கு 6/18 அளவில், சிலருக்கு 6/60, சிலருக்கு அதற்கும் குறைவு. முழுமையாகப் பார்வை இல்லாத நிலை பொதுவாக ஏற்படுவதில்லை.

இந்த நடுநிலைதான் பெரிய சிக்கல். வெள்ளைக் கோல் வைத்திருந்தால் மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள். இவர்களோ நடக்கிறார்கள், படிக்கிறார்கள், வாட்ஸ்ஆப்பில் பதில் போடுகிறார்கள். ஆனால் கரும்பலகை தெரியாது. அதனால் ஆசிரியர் "கவனமில்லை" என்கிறார். சாலைக்கு அந்தப் பக்கம் நீங்கள் கையசைத்தீர்கள், பதில் இல்லை. "தலைக்கனம்" என்று முடிவு கட்டுகிறீர்கள். உண்மையில் அவருக்கு உங்கள் முகமே தெரியவில்லை.

பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் வாழ்வது

சிங்கப்பூர் பூமத்தியரேகையிலிருந்து வடக்கே ஏறக்குறைய ஒரு பாகையில் இருக்கிறது. மலேசியாவும் பக்கத்தில்தான். ஆண்டு முழுவதும் வெயில். மெலனின் நம் தோலுக்கு இயற்கை கொடுத்த குடை. புற ஊதாக் கதிர்களை அது தடுத்து நிறுத்துகிறது. அந்தக் குடை இல்லாதவருக்குச் சில நிமிட வெயிலிலேயே தோல் சிவந்து எரியலாம். பல ஆண்டுகள் தொடர்ந்து பட்டால் தோல் புற்றுநோய் வரும் ஆபத்து மிக அதிகம்.

ஆப்பிரிக்காவின் சில நாடுகளில் அல்பினிசம் உள்ளவர்களில் பெரும்பாலோர் 30 முதல் 40 வயதுக்குள் தோல் புற்றுநோயால் இறக்கிறார்கள் என்று ஐக்கிய நாட்டு நிறுவனம் கூறுகிறது. தவிர்க்கக்கூடிய மரணங்கள் அவை. தொப்பி, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன், முறையான தோல் பரிசோதனை இருந்தால் கதை வேறு. தான்சானியாவின் மோஷி நகரில் அல்பினிசம் உள்ளவர்களுக்காகவே 'கிலிசன்' என்ற சன்ஸ்கிரீனை உள்ளூரிலேயே தயாரித்து இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

நம் ஊரில் என்ன செய்ய வேண்டும்?

• புற ஊதாக் கதிர்க் குறியீட்டைப் பாருங்கள். சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் பகல் நேரத்தில் மணிக்கொரு முறை அதை வெளியிடுகிறது. 3ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை. 11க்கு மேல் போனால் அபாய அளவு. இங்கு நண்பகலை ஒட்டி அந்த அளவைத் தொடும் நாள்கள் உண்டு.
• எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனைத் தாராளமாகப் பூச வேண்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும். நீந்தினாலோ வியர்த்தாலோ அதற்கு முன்பே. காது மடல், பின்கழுத்து, உதடு, பாதத்தின் மேல்பகுதி ஆகியவற்றைப் பலரும் மறந்துவிடுவார்கள்.
• மேகமூட்டத்தை நம்பக்கூடாது. புற ஊதாக் கதிர்கள் மேகத்தையும் ஊடுருவும்.
• ஆறாத புண், புதிய கட்டி, மாறிக்கொண்டே வரும் மச்சம் எதுவாக இருந்தாலும் தோல் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.

இன்னொரு முக்கியக் குறிப்பு. அல்பினிசத்தோடு சேர்ந்து, எளிதில் ரத்தக் கசிவு ஏற்படுத்தும் அரிய வகை ஒன்று உண்டு. அடிக்கடி காரணமின்றிக் கன்றிப்போனாலோ, மூக்கிலிருந்து ரத்தம் வந்தாலோ மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சில இடங்களில் வரம், சில இடங்களில் விலை

பனாமாவில் வாழும் குனா பழங்குடியினரிடையே அல்பினிசம் அதிகம். அவர்கள் அல்பினிசம் உள்ளவர்களை நிலாவின் பிள்ளைகள் என்று மதிக்கிறார்கள். கிரகணத்தின்போது நிலாவை விழுங்க வரும் விலங்கை விரட்டும் உரிமை அவர்களுக்குத்தான் என்பது குனா மரபு.

கிழக்கு ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் நிலைமை நேர்மாறு. அவர்களின் உடலுறுப்புகள் செல்வத்தைக் கொண்டுவரும் என்ற மூடநம்பிக்கையால் பலர் தாக்கப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் தப்பவில்லை. தான்சானியா 2015 ஜனவரியில் மாந்திரீகர்களுக்குத் தடை விதித்தது. அதற்கு முந்தைய மாதம் ஐக்கிய நாட்டுப் பொதுச் சபை ஜூன் 13ஆம் தேதியை அனைத்துலக அல்பினிசம் விழிப்புணர்வு நாளாக அறிவித்திருந்தது. 2015இல் அல்பினிசம் உள்ளவர்களின் மனித உரிமைக்கென ஐநா ஒரு தனி நிபுணர் பொறுப்பை உருவாக்கியது. முதலில் அந்தப் பொறுப்பை ஏற்ற இக்பொன்வோசா எரோ நைஜீரியாவில் பிறந்தவர். அவருக்கும் அல்பினிசம் உண்டு.

தெய்வம் என்றாலும் சரி, பேய் என்றாலும் சரி, இரண்டிலும் ஒரு பொதுவான குறை இருக்கிறது. எதிரே இருப்பவர் சாதாரண மனிதராக வாழ விடப்படுவதில்லை. ஆனாலும் பலர் தங்கள் துறையில் பேர் எடுத்திருக்கிறார்கள். மாலி நாட்டுப் பாடகர் சாலிஃப் கெய்ட்டா சிறுவயதில் ஒதுக்கப்பட்டவர். பிறகு உலகப் புகழ் பெற்றார். கென்யாவின் மும்பி எங்குகி நீதிபதியானார். ஹாங்காங்கில் பிறந்து ஸ்வீடனில் வளர்ந்த கோனி சியூ ஃபேஷன் மாடலாக மேடையேறினார்.

நம் கதை என்ன? வேடிக்கையைப் பாருங்கள். "பொண்ணு நல்ல கலர்" என்று புகழ்வதும், தோலை வெளுக்க வைக்கும் கிரீம்களை வாங்குவதும் நம் வீடுகளில்தான். அதே வீட்டில் இயற்கையாகவே வெள்ளைத் தோலுடன் ஒரு பிள்ளை பிறந்தால் முகம் சுருங்குகிறது. பள்ளியில் 'சுண்ணாம்பு', 'வெள்ளைக்காரன்', 'மாட் சாலே' என்று பட்டப்பெயர்கள். தனக்கு வைக்கப்பட்ட பெயரைக் கேட்டுச் சிரித்துக்கொள்ளும் பிள்ளை, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் முடிக்குச் சாயம் பூசச் சொல்லிக் கேட்கலாம்.

பள்ளியிலும் வேலையிலும் என்ன உதவி கிடைக்கும்?

அல்பினிசத்தைக் குணப்படுத்தும் மருந்து இன்று இல்லை. பார்வையைச் சுலபமாக்கும் வழிகள் நிறைய இருக்கின்றன.

முதலில் கைத்தொலைபேசி. கேமராவால் பஸ் எண்ணையோ உணவங்காடியின் விலைப் பட்டியலையோ படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். திரையில் உள்ளதை உரக்கப் படித்துச் சொல்லும் வசதி ஆப்பிள், ஆண்ட்ராய்டு இரண்டிலும் உண்டு. பஸ் எப்போது வரும் என்று சொல்லும் செயலிகளும் கைகொடுக்கும். தூரத்தில் இருப்பதைப் பார்க்கக் கைக்கடக்கமான ஒற்றைக்கண் தொலைநோக்கி இருக்கிறது.

சிங்கப்பூரில் தோ பாயோ ரைஸில் உள்ள பார்வைக் குறைபாடுள்ளோர் சங்கத்தில் குறைந்த பார்வை உள்ளவர்களுக்கான மருந்தகம் இருக்கிறது. எந்தக் கருவி பொருந்தும் என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள். கருவிகளின் விலை அதிகமா? எஸ்ஜி எனேபல் அமைப்பின் உதவித் தொழில்நுட்ப நிதி, தகுதி பெறுவோருக்குச் செலவில் 90 விழுக்காடு வரை ஏற்கிறது. வாழ்நாள் வரம்பு 40,000 வெள்ளி. தேசியத் தேர்வுகளில் பெரிய எழுத்து வினாத்தாள், கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளுக்குப் பள்ளி மூலம் விண்ணப்பிக்கலாம்.

மலேசியாவில் பார்வை அளவு குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இருந்தால் சமூக நலத் துறையில் ஓகேயு அட்டைக்குப் பதிவு செய்யலாம். கண்ணாடி போட்ட பிறகும் பார்வை 6/18ஐவிடக் குறைவாக இருப்பது அதற்கான அளவுகளில் ஒன்று. பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தையும் அணுகலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் வகுப்பிலோ அலுவலகத்திலோ அல்பினிசம் உள்ள ஒருவர் இருந்தால், இவை போதும்.

பெயரைச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து கையசைப்பதைவிட, அருகே வந்து "ஹாய், நான் பிரியா" என்பது எளிது. கூட்டமான இடத்தில் சந்திப்பதாக இருந்தால், "ஏ வாசல் பக்கத்துல நிக்கிறேன், சிவப்புச் சட்டை" என்று தகவல் அனுப்புங்கள்.

திரையில் காட்டுவதை முன்கூட்டியே அனுப்புங்கள். வகுப்பு விளக்கக்காட்சியோ சாப்பாட்டுக் கடையின் பட்டியலோ கைத்தொலைபேசிக்கு வந்துவிட்டால், அவர் பெரிதாக்கிப் படித்துக்கொள்வார்.

கேட்டுவிட்டு உதவுங்கள். "பஸ் எண் படிச்சு சொல்லட்டுமா?" என்று கேட்டால் போதும். கையைப் பிடித்து இழுத்துச் சாலையைக் கடக்க வைக்க வேண்டாம்.

வெளியே போகும் திட்டத்தில் நிழலையும் சேருங்கள். கடற்கரை உலாவை மாலை 5 மணிக்கு மேல் வைக்கலாம். காற்பந்துக்குப் பதில் உள்ளரங்க விளையாட்டு எது பிடிக்கும் என்று அவரிடமே கேளுங்கள். அவரை விட்டுவிட்டுப் போவது தீர்வாகாது.

ஃபிளாஷ் இல்லாமல் படமெடுங்கள். முன்பின் தெரியாதவராக இருந்தால் படமே எடுக்காதீர்கள். ரயிலில் ரகசியமாக எடுத்து நண்பர்களுக்கு அனுப்பும் அந்தப் படத்தில் இருப்பவரும் யாரோ ஒருவரின் தங்கைதான், யாரோ ஒருவரின் சக ஊழியர்தான்.

எப்படி அழைப்பது? 'அல்பினோ' என்பது ஒருவரை அவருடைய நிறத்துக்குள் அடைத்துவிடுகிறது என்று பலர் உணர்கிறார்கள். 'அல்பினிசம் உள்ளவர்' என்பது பொதுவாக ஏற்கப்படும் சொல். அதைவிட நல்லது, அவருடைய பெயர்.

அந்த பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பி வருவோம். அடுத்த பஸ் வருகிறது. உங்களுக்கு எண் தெரிகிறது. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, "67 வருது, உங்க பஸ்ஸா?" என்று கேட்கிறீர்கள். அவர் தலையாட்டுகிறார். நீங்களே கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்துகிறீர்கள்.